எந்த ஆயின்மென்ட் என்று கேட்பதற்கு முன்: மருத்துவமனையில் படுக்கைப் புண்ணைக் கவனிக்கும் முறை

"சிஸ்டர், இதுக்கு நல்ல ஆயின்மென்ட் எது? எவ்வளவு ஆனாலும் வாங்கிடறோம்."

சென்னையில் பல வருடம் மெடிக்கல் வார்டில் வேலை பார்த்த எனக்கு வாரம் தவறாமல் வந்த கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். கையில் மெடிக்கல் ஷாப் கவர், கண்ணில் மூன்று ராத்திரி தூக்கம் பாக்கி. என் பதில் அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். "ஆயின்மென்ட் அப்புறம் பார்க்கலாம்மா. முதல்ல அந்த இடம் படுக்கையில படாம வைங்க."

படுக்கைப் புண், வார்டு பேச்சில் பெட் சோர், தோல் வியாதி இல்லை. உள்ளே எலும்பு, வெளியே மெத்தை, நடுவில் மாட்டிக்கொண்ட சதை. அசையாமல் கிடக்கும் உடம்பின் எடை அந்தச் சதையை அழுத்த அழுத்த, அதிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. ரத்தம் போகாத சதை செத்துப்போகிறது. சேதம் பல சமயம் எலும்பை ஒட்டி ஆழத்தில் ஆரம்பித்துப் பிறகுதான் வெளியே தெரியும். அதனால்தான் மேலே ஒரு ரூபாய்க் காசு அளவு வாய் இருக்கும், உள்ளே போனால் பானை மாதிரி விரிந்திருக்கும். அழுத்தத்தை எடுக்காமல் மருந்து தடவுவது, தண்ணீர்க் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு செடிக்கு உரம் போடுவதைப் போன்றது.

முதன்முறையாக ஒரு நோயாளிக்கு அட்டெண்டராகத் தங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, தலைக்காயம், நீண்ட நாள் ஐசியூ, தண்டுவட அடி, முற்றிய சர்க்கரை நோய் என்று காரணம் எதுவானாலும், தானாகப் புரண்டு படுக்க முடியாத எவருக்கும் இது பொருந்தும்.

முதல் நாள்: பார்ப்பது

சேர்த்த அன்றே உடம்பு முழுக்கப் பாருங்கள். வெட்கம், தயக்கம் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். அப்பாவுக்கு மகள் பார்க்கச் சங்கடமாக இருந்தால் சிஸ்டரிடமோ ஆண் நர்ஸிடமோ சொல்லுங்கள், ஆனால் யாராவது ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். மல்லாந்து படுப்பவருக்குப் பின்தலை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, பிட்டத்துக்கு நடுவே மேலாக இருக்கும் வால் எலும்புப் பகுதி, குதிகால். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காது, தோள், இடுப்பின் பக்க எலும்பு, முழங்காலின் உள்பக்கம், கணுக்கால். நாற்காலியில் உட்காருபவருக்கு இருபுறமும் உட்காரும் எலும்புகள். அதிகம் புண் வருவது வால் எலும்புப் பகுதியிலும் குதிகாலிலும்தான். இந்த இரண்டையும் தினம் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

எதைத் தேட வேண்டும்? எங்கள் பாடப் புத்தகங்களில் 'சிவந்து போகும்' என்று இருக்கும். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது அது. நம் ஆட்களின் நிறத்தில் சிவப்பு லேசில் தெரியாது. பக்கத்துத் தோலைவிட ஒரு இடம் கூடுதலாகக் கருத்தோ, ஊதா படிந்தோ இருக்கிறதா பாருங்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள், அந்த இடம் மட்டும் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா? விரலால் தொட்டால் கெட்டியாகவோ மாவு போல் கொழகொழவென்றோ இருக்கிறதா? தொட்டால் முகம் சுளிக்கிறாரா? நிறம் வெளுத்தவராக இருந்தால் விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி நிறம் திரும்பினால் ரத்தம் ஓடுகிறது. அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் அது முதல் நிலைப் புண், தோல் கிழியாவிட்டாலும் புண்தான். டியூப் லைட் வெளிச்சம் ஏமாற்றும். ஜன்னல் வெளிச்சம் நல்லது, இல்லாவிட்டால் செல்போன் டார்ச்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மாமனாருக்கு இடது பக்கம் வாதம் வந்து ஏசி அறையில் சேர்த்திருந்தோம். குளிருகிறது என்றார், சாக்ஸ் போட்டுவிட்டேன். முதுகை, இடுப்பைத் தினம் பார்த்தேன். நாலாம் நாள் உடம்பு துடைக்கும்போது சாக்ஸைக் கழற்றினால், குதிகாலில் நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் ஒரு வட்டம். வேலையே இதுதான் என்று இருந்தவள் வீட்டு மனிதரிடம் கோட்டை விட்டேன். ஆற மூன்று மாதம் பிடித்தது. சாக்ஸ் போடலாம், ஆனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் கழற்றிப் பாருங்கள்.

முதல் நாளே செய்ய வேண்டிய இன்னொன்று, உடம்பில் உள்ளதைக் கழற்றுவது. அரைஞாண் கயிறும் அதிலுள்ள தாயத்தும் முதுகுப் பக்கம் சுற்றிக்கொண்டு அழுத்தும். கால் வீங்கியவருக்குக் கொலுசும் மெட்டியும் தோலில் பதியும். பெண்களுக்குப் பின்தலையில் கொண்டை போட்டால் அதுவே கல். முடியை இரண்டாகப் பிரித்துப் பக்கவாட்டில் பின்னிவிடுங்கள், ஹேர்பின் வேண்டாம். தலையணைக்கு அடியில் வைக்கும் விபூதிப் பொட்டலம், எலுமிச்சம்பழம் எல்லாம் கட்டிலின் தலைமாட்டில் தொங்கட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது. ஊசி மூடி, பேனா, பிஸ்கட் தூள் படுக்கையில் கிடக்கிறதா என்று தினம் தடவிப் பாருங்கள். யூரின் டியூப் தொடைக்கு அடியில் மாட்டியிருக்கும், ஆக்சிஜன் டியூப் காதுக்குப் பின்னால் அறுக்கும், மூக்கு டியூப் நாசித் துவாரத்தில் பதியும். இவையெல்லாமும் படுக்கைப் புண் உண்டாக்கும்.

நர்ஸ்களிடம் பிரேடன் என்ற ஒரு மதிப்பெண் முறை உண்டு. 1987 முதல் புழக்கத்தில் இருப்பது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உராய்வு என்று ஆறு விஷயத்துக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். மொத்தம் 23. 18 அல்லது அதற்குக் கீழே என்றால் புண் வர வாய்ப்பு உண்டு, குறையக் குறைய ஆபத்து அதிகம். "எங்க அம்மாவுக்கு எவ்வளவு ஸ்கோர்?" என்று கேளுங்கள். கேட்கிற அட்டெண்டரின் நோயாளியை எந்த சிஸ்டரும் கொஞ்சம் கூடுதலாகவே கவனிப்பார், அது மனித சுபாவம்.

திருப்பிப் படுக்க வைப்பது

மற்ற எதை விட்டாலும் இதை விடக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், இரவிலும்தான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், தண்டுவடம் அடிபட்ட போர்வீரர்களை ராத்திரி பகல் பார்க்காமல் இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்ப வைத்தார். அதுவரை அப்படிப்பட்டவர்கள் பெட் சோரிலும் சிறுநீர்த் தொற்றிலும் சீக்கிரமே செத்துக்கொண்டிருந்தார்கள். அவரிடம் பிழைத்தவர்களுக்காக அவர் தொடங்கிய விளையாட்டுப் போட்டிதான் பின்னால் பாராலிம்பிக் ஆனது. புதிய மருந்து எதுவும் இல்லை, கடிகாரமும் ஆள்பலமும்தான்.

திருப்பும் முன் ஒரு நிமிடம், "இவரை எந்தப் பக்கம் திருப்பலாம், எது கூடாது?" என்று சிஸ்டரிடம் கேட்டுவிடுங்கள். முதுகெலும்போ கழுத்தெலும்போ முறிந்தவரை நீங்களாகத் திருப்பவே கூடாது, அதற்கு மூன்று நாலு பேர் சேர்ந்து மரக்கட்டை போல் உருட்டும் முறை இருக்கிறது. மூளை ஆபரேஷனில் மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்து வைத்திருந்தால், எலும்பு இல்லாத அந்தப் பக்கம் தலையை வைக்கவே கூடாது. இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்கும் தனி விதி உண்டு.

அனுமதி கிடைத்ததும் அட்டவணை போடுங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். 6 மணி இடது, 8 மணி மல்லாந்து, 10 மணி வலது, 12 மணி மறுபடி இடது. ஏற்கனவே வால் எலும்பில் புண் இருந்தால் மல்லாந்து என்ற வரியே கிடையாது, இடது வலது மட்டும். திருப்பியவர் நேரத்துக்கு எதிரே கையெழுத்துப் போடட்டும். காலையில் அக்கா, ராத்திரி தம்பி என்று ஆள் மாறும் குடும்பங்களில் இந்தத் தாள் இல்லாவிட்டால், எல்லோரும் திருப்பியதாக நினைப்பார்கள், யாரும் திருப்பியிருக்க மாட்டார்கள்.

இப்போது கைவேலை. பழைய பருத்தி வேட்டி ஒன்றை நாலாக மடித்து, நோயாளியின் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்து வையுங்கள். புது வேட்டி வேண்டாம், கஞ்சி போட்டது அறுக்கும். நீங்கள் ஒரு பக்கமும் இன்னொருவர் எதிர்ப்பக்கமும் நின்று, வேட்டியின் ஓரங்களைச் சுருட்டிப் பிடித்து, ஒரே எண்ணிக்கையில் தூக்கி நகர்த்துங்கள். கக்கத்தில் கை கொடுத்து மேலே இழுப்பதுதான் வார்டுகளில் நான் அதிகம் பார்த்த தப்பு. இழுக்கும்போது தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும், எலும்பு மட்டும் உள்ளே நகரும். நடுவில் இருக்கும் ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது, இரண்டு நாள் கழித்துத் தோல் உரியும்.

இடப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால், முதலில் வேட்டியோடு வலது ஓரத்துக்கு நகர்த்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திருப்பியதும் கட்டில் ஓரத்துக்கு வந்துவிடுவார். பிறகு இடப்பக்கம் வந்து நின்று, அவருடைய வலது கையை மார்பின் மேலும், வலது காலை இடது காலின் மேலும் வையுங்கள். வலது தோளிலும் இடுப்பிலும் கைவைத்து உங்களை நோக்கி மெதுவாக உருட்டுங்கள். எதிரில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் தலையணையைக் கொடுத்ததும், அதன் மேல் லேசாகச் சாய விடுங்கள். முழுக்க ஒருக்களித்தால் எடை எல்லாம் இடுப்பின் பக்க எலும்பில் இறங்கி அங்கே புண் வரும். சுமார் 30 டிகிரி சாய்வு போதும், பிட்டத்தின் சதைப்பற்றான பக்கத்தில் எடை நிற்க வேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, உள்ளங்கையை வால் எலும்புக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போனால் சரி.

முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் இன்னொன்று, முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி. குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும், அடியில் ஒரு தாளை விட்டால் தடையில்லாமல் போய் வர வேண்டும். குதிகாலுக்கு நேர் கீழே தலையணை வைப்பவர்கள் அழுத்தத்தை இடம் மாற்றவில்லை, மெத்தைக்குப் பதில் தலையணையில் அழுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

தலைமாடு உயரம் பற்றி. சாப்பாடு கொடுக்கும்போதும், மூக்கு டியூபில் கஞ்சி விடும்போதும் தலைமாட்டை நன்றாக உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். கொடுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அதன் பிறகு 30 டிகிரிக்குக் கீழே இறக்குங்கள். நாள் முழுக்கப் பாதி உட்கார்ந்த நிலையில் வைத்தால் ஆள் கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டே இருப்பார், வால் எலும்பில் தோல் அரைபடும். உயர்த்தும்போது முதலில் முழங்கால் பக்கத்தை உயர்த்திவிட்டுத் தலைமாட்டை ஏற்றினால் சறுக்காது. வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தலைமாடு உயரமாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். அதில் நீங்கள் கை வைக்காதீர்கள், வால் எலும்பை மட்டும் இரண்டு மடங்கு கவனியுங்கள்.

நாற்காலியில் உட்கார வைத்தால் 'நல்லா இருக்கார்' என்று மூன்று மணி நேரம் விட்டுவிடுவார்கள். மணிக்கு ஒரு முறையாவது எடையை மாற்ற வேண்டும். கையில் தெம்பு இருப்பவர் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை கையை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கி இறக்கலாம், அல்லது முன்னால் குனிந்து நிமிரலாம்.

மெத்தை வாங்கும் கதை

பார்க் டவுன் பக்கம் சர்ஜிகல் கடைகளில் ஏர் பெட் கிடைக்கும், வாடகைக்கும் பல இடங்களில் தருகிறார்கள். குமிழ் குமிழாகவோ குழாய் குழாயாகவோ இருக்கும், சின்ன மோட்டார் மாற்றி மாற்றிக் காற்றடைக்கும். நல்ல பொருள்தான். ஆனால் ஏர் பெட் வந்த அன்றே குடும்பம் திருப்புவதை நிறுத்திவிடும், அதுதான் சிக்கல். மெத்தை திருப்பும் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம், அதையும் டாக்டரோ சிஸ்டரோ சொல்லட்டும்.

மோட்டாரில் எடைக்கேற்ற அளவை வைத்துவிட்டு, மெத்தைக்கு அடியில் வால் எலும்புக்கு நேராகக் கையை மேல்நோக்கி வைத்துப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலம் காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை இருந்தும் இல்லாத மாதிரி. மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு. பெட்ஷீட், ரெக்சின், அதன் மேல் போர்வை, அதன் மேல் டயப்பர் என்று அடுக்கினால் காற்று மெத்தை கீழே எங்கேயோ தனியாக வேலை செய்துகொண்டிருக்கும். கரன்ட் போனால் சில மெத்தைகள் காற்றிறங்கிவிடும், உடனே சோதியுங்கள்.

வாட்டர் பெட்டும் வைக்கிறார்கள். தண்ணீர் குறைவாக நிரப்பினால் எலும்பு தரைதட்டும், அதையும் கைவிட்டுப் பாருங்கள்.

வளையம் மட்டும் வேண்டாம். மூலத்துக்கு உட்காரும் காற்று வளையத்தையோ, துணியைச் சும்மாடு போலச் சுருட்டியோ புண்ணைச் சுற்றி வைப்பார்கள். புண் நடுவில் தொங்கும், சுற்றியுள்ள வட்டம் முழுக்க இறுகும், நடுவுக்குப் போகும் ரத்தமும் நிற்கும். கையுறையில் தண்ணீர் ஊற்றிக் குதிகாலுக்கு வைப்பதும் பயனில்லை.

ஈரம், வியர்வை, டயப்பர்

மே மாதச் சென்னையில் ஃபேன் மட்டும் ஓடும் வார்டில் ரெக்சின் விரிப்பு என்பது அடுப்பில் வைத்த தோசைக்கல். வியர்வை ஊறிய தோல் சீக்கிரம் உரியும். ரெக்சினை இடுப்புக்கு அடியில் மட்டும் போட்டு, மேலே பருத்தித் துணி போடுங்கள். டயப்பர் நனைந்ததும் மாற்றுங்கள், 'இன்னும் தாங்கும்' என்ற கணக்கு வேண்டாம். மலம் போனால் வெதுவெதுப்பான தண்ணீரும் மிதமான சோப்பும் போதும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நனையும் இடத்தில் ஜிங்க் ஆக்சைடு கிரீமோ வாசலினோ மெல்லிய பூச்சாக இடலாம். வறண்ட கை கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான், ஆனால் கருத்த இடத்தில் சூடு பறக்கத் தேய்த்து மசாஜ் செய்யாதீர்கள். ஏற்கனவே நொந்த குழாய்கள் அதில் கிழியும். பவுடர் கொட்டினால் வியர்வையோடு சேர்ந்து கட்டி தட்டி மணல் மாதிரி அறுக்கும்.

சாப்பாடு

புண் இருக்கிறவருக்கு முட்டை கொடுத்தால் சீழ் வைக்கும், மீன் ஆகாது, கத்தரிக்காய் ஆகாது என்று பத்தியம் பிடிக்காத வீடே இல்லை. கடைசியில் ரசம் சாதமும் பிரெட்டும் மட்டும் உள்ளே போகும். புதுச் சதை எதிலிருந்து வளரும்? புண் உள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவே, 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். இட்லி ரசத்தை மட்டும் வைத்து இந்தக் கணக்கை எட்டவே முடியாது. சைவமென்றால் பருப்பைக் கெட்டியாக, தயிர், பனீர், சுண்டலை மசித்து. டியூபில் போகிறவருக்கு என்ன, எவ்வளவு என்று டயட்டீஷியனிடம் எழுதி வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டர் சொல்லும் அளவுதான். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் என்ன கொடுத்தாலும் புண் மூடாது.

புண் வந்துவிட்டது என்றால்

தோல் கிழியாமல் நிறம் மட்டும் மாறியிருந்தால் முதல் நிலை. மேல்தோல் போய் இளஞ்சிவப்பாக, அல்லது கொப்புளமாக இருந்தால் இரண்டாம் நிலை. குழி விழுந்து மஞ்சள் கொழுப்பு தெரிந்தால் மூன்று. தசையோ எலும்போ தெரிந்தால் நான்கு. மேலே கறுப்புத் தோலோ மஞ்சள் படலமோ மூடியிருந்தால் உள்ளே எவ்வளவு ஆழம் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் இரண்டு நிலையும் பெரும்பாலும் திருப்புவதிலும் எளிய டிரெஸ்ஸிங்கிலும் ஆறிவிடும். மற்றவை டாக்டர் கையில்.

வார்டில் டிரெஸ்ஸிங்கை சிஸ்டர்தான் செய்வார். நீங்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள், வீட்டில் உங்கள் கைக்கு வரப்போகிறது. வலி மாத்திரை எழுதியிருந்தால் அரை மணி முன்னால் கொடுங்கள். பேச முடியாதவருக்கும் வலிக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழைய கட்டு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) விட்டு ஊற வைத்து எடுங்கள். புண்ணைச் சலைனால் கழுவுங்கள். தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்கும் என்பது பழைய பயம், கழுவாத புண்தான் சீழ் பிடிக்கும். பிறகு நிறம், கசிவு, வாடை, ஓரம் நான்கையும் பாருங்கள். மாதுளை முத்து மாதிரி ஈரச் சிவப்பாக இருந்தால் புதுச் சதை வளர்கிறது. குழி இருந்தால் காஸை, அதாவது கட்டுப்போடும் மெல்லிய வலைத்துணியை, தளர்வாக நிரப்ப வேண்டும், பஞ்சு மெத்தை தைப்பது போல் திணித்தால் உள்ளிருந்தே அழுத்தும். எத்தனை துண்டு வைத்தீர்கள் என்று எழுதி, அடுத்த முறை அத்தனையும் வெளியே வந்ததா எண்ணுங்கள். காஸ் உள்ளே மறந்துபோன புண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள், காப்பித்தூள், சாம்பல், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். நுரை பொங்கினால் சுத்தமாகிறது என்று நினைக்கிறார்கள், புதுச் செல்லும் சேர்ந்து சாகிறது. பெட்டடைன் கிருமி பிடித்த புண்ணுக்கு டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சரி. சிவப்பாக வளரும் புண்ணில் தினம் ஊற்றினால் ஆறுவது தள்ளிப்போகும். ஃபோம், ஹைட்ரோகொலாய்டு, ஆல்ஜினேட், ஜெல் என்று பல டிரெஸ்ஸிங் இருக்கின்றன. கசிவு அதிகம் என்றால் உறிஞ்சுவது, வறண்ட புண் என்றால் ஈரம் தருவது. அதிக விலையென்றால் நல்லது என்றில்லை. ஒட்டிவிட்டு மூன்று நாள் கழித்துக் கழற்றும் வகையைத் தினம் பிரித்துப் பார்த்து வீணாக்காதீர்கள்.

செத்த சதை இருந்தால் டாக்டர் வெட்டிச் சுத்தம் செய்வார். பார்க்கப் பயமாக இருக்கும், புண் பெரிதானது போலவும் தெரியும். பெரிதாகவில்லை, உண்மையான அளவு வெளியே வந்தது. குதிகாலில் காய்ந்து கெட்டியாக, வீக்கமோ கசிவோ இல்லாமல் இருக்கும் கறுப்புத் தோலை மட்டும் பெரும்பாலும் தொடாமல் விடுவார்கள், அதுவே மூடி மாதிரி காக்கும். ஆழமான புண்ணுக்கு உறிஞ்சும் பம்ப் வைக்கும் வாக் டிரெஸ்ஸிங்கும், பக்கத்துச் சதையைத் திருப்பி மூடும் ஆபரேஷனும் உண்டு. பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் அழகு ஆபரேஷன் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் இதற்கென நெடுநாளாக ஒரு துறையே இருக்கிறது.

வாரம் ஒரு முறை நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து எழுதச் சொல்லுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு வாரத்தில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால், டிரெஸ்ஸிங்கை மாற்றுவதற்கு முன் திருப்பும் தாளை எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் சமயம் பதில் அதில் இருக்கும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், புதிதாக வரும் மயக்கம் அல்லது குழப்பம், காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை, புண்ணைச் சுற்றிப் பரவும் சூடும் வீக்கமும், திடீர் நாற்றம், ரத்தக் கசிவு இவற்றில் ஒன்று வந்தாலும் ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்காமல் டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கிருமி ரத்தத்தில் கலந்தால் மணிக்கணக்கில் நிலைமை மாறும். நம் ஊர் வெயிலில் ஈ உட்கார்ந்து புழு வைப்பதும் நடக்கிறது. அதற்குக் கெரசின் ஊற்றாதீர்கள், மூடிக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள், சுத்தம் செய்துவிடலாம்.

வீட்டுக்குப் போகும் நாள்

டிஸ்சார்ஜ் சம்மரியில் புண் எங்கே, எந்த நிலை, என்ன அளவு, எந்த டிரெஸ்ஸிங், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுத வையுங்கள். சிஸ்டர் பார்க்க ஒரு முறை உங்கள் கையால் டிரெஸ்ஸிங் செய்து காட்டுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரணச் சேவையும் பிசியோதெரபியும் தருகிறார்கள், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். சந்தேகம் கேட்க 104 எண் இருக்கிறது. தண்டுவட அடிபட்டவர்களுக்குக் கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம், சக்கர நாற்காலிக்கு ஏற்ற மெத்தை முதல் உட்காரும் பயிற்சி வரை கேட்கலாம்.

அப்புறம், பயணம். சென்னையில் வைத்தியம் முடித்து விழுப்புரம், கடலூர் என்று ஆம்புலன்ஸில் போகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை. ஸ்ட்ரெச்சரின் மெல்லிய ரெக்சினில் மூன்று நாலு மணி நேரம் அசையாமல் மல்லாந்து, மேடு பள்ளத்தில் குலுங்கிக்கொண்டே போவார். ஒரு மாதம் காப்பாற்றியது ஒரே மதியத்தில் போய்விடும். கிளம்பும்போதே ஸ்ட்ரெச்சரில் தடிமனான ஃபோம் மெத்தையைப் போட்டு, பக்கவாட்டில் சாய்த்துத் தலையணை கொடுங்கள். மேல்மருவத்தூரில் டிரைவர் டீ குடிக்க நிறுத்துவார். நீங்கள் இறங்கும் முன் நோயாளியை அடுத்த பக்கம் திருப்பி, குதிகாலுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்.